மூடி வச்ச பிள்ளை

— முதல்ல அந்தக் குல்லாவக் கழட்டு ஆர்த்திகா. காலம பத்து மணிக்கே கச்சான் காத்து அடுப்பு வாசல் மாதிரி அடிக்குது. நீ என்னெண்டா ஆறு மாசப் பிள்ளைக்குக் குல்லா, கையுறை, காலுறை, நீளக்கைச் சட்டை, அதுக்கு மேல துவாயும் சுத்தி வச்சிருக்கிறாய். நுவரெலியாவிலயா இருக்கிறாய் நீ? பனிச்சங்கேணியில இருக்கிறாய்.

— அவனுக்குத் தடிமன் மச்சாள்.

— தடிமனா? மூக்கில ஒரு சொட்டும் காணல்லையே.

— ராவு இருந்தது.

— ராவு இருந்தது, விடிய மாறிற்று. நல்ல தடிமன்தான் போ. இஞ்ச தா, நான் கொஞ்ச நேரம் வச்சிருக்கிறன்.

— இப்பதான் கண்ண மூடினான். கை மாத்தினா எழும்பிருவான்.

— திங்கக்கிழமை வந்தன், பால் குடிக்கிறான் எண்டாய். புதன்கிழமை வந்தன், நித்திரை எண்டாய். இண்டைக்கும் நித்திரை. இந்தப் பிள்ளைட மூக்கு நுனியையும் ரெண்டு கண்ணையும் தவிர ஒண்டையும் நான் இன்னும் காணல்ல, கேட்டியா?

— உதயண்ணன் ஏன் படலைக்க மோட்டச்சைக்கிளோட வெயில்ல நிக்கிறார்? உள்ள வரச் சொல்லுங்க, தேத்தண்ணி வைக்கிறன்.

— கதைய மாத்தாத. என்ட மனுசனுக்குத் தேத்தண்ணியும் வேணாம், ஒண்டும் ஒண்ணா. மச்சாள் மச்சாள் எண்டு வாய் நிறையக் கூப்பிடுறாய். என்ட தம்பி நிலோஜன் செத்து ரெண்டு வருஷமும் மூணு மாசமும் ஆச்சு. உன்ட மடியில கிடக்கிற பிள்ளைக்கு ஆறு மாசம். விரல் விட்டு எண்ண எனக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும். ஆர் எண்டு வாயைத் திறந்து சொல்லு.

— என்ட பிள்ளை.

— அது தெரியும். தகப்பன் ஆர் எண்டு கேக்கிறன்.

— நம்மட ஊரில தாய் வழிக் குடிதானே மச்சாள் பிள்ளைக்கு? கோயில் திருவிழாவிலயும் என்ட குடிப் பேரச் சொல்லித்தான் இவனக் கூப்பிடுவாங்க. மறுகா தகப்பன்ட பேர் உங்களுக்கு என்னத்துக்கு?

— குடிக்கதை என்னோட பறையாத! உன்ட வளவும் ஒண்ணா, சுனாமிக்குக் கட்டித் தந்த இந்த வீடும் ஒண்ணா எங்களுக்கு. என்ட தம்பிட பேர் நாறுது, அதுதான் எனக்கு. குழாயடியில என்ன கதைக்கிறாளுகள் தெரியுமா? இந்த வீடு கட்டேக்க மேற்பார்வைக்கு டவுன்ல இருந்து வந்தானே டஸ்டின், அந்தப் பறங்கிப் பொடியன், அவன்ட பிள்ளையாம். பால் வெள்ளையாம், தலைமயிர் செம்பட்டையாம். அதான் குல்லாவுக்குள்ள ஒளிச்சு வச்சிருக்காளாம்.

— ஐயோ, டஸ்டின் அண்ணன் இந்தப் பக்கம் வந்தது ரெண்டே ரெண்டு தரம். ஒருக்கா அத்திவாரம் பார்க்க, ஒருக்கா கூரை பார்க்க. அந்தாள்ர பொஞ்சாதியும் கூட வந்தவ.

— அப்ப குல்லாவக் கழட்டிக் காட்டு. கறுப்போ வெள்ளையோ பார்த்துப் போட்டு நான் என்ட பாட்டில போறன். குழாயடியில நிண்டு ரெண்டு பேருக்குக் கன்னத்தப் பொத்தி அறைஞ்சு போட்டுப் போறன்.

— ஒண்ணா மச்சாள். கதைக்கிறவங்க கதைக்கட்டும்.

— கதைக்கட்டுமா? உனக்கு உறைக்கல்லையாகா? கல்லடிப் பக்கம் அகதியா இருந்த நேரம் தம்பி இரவல் தோணியில இறால் பிடிக்கப் போனவன். தோணி கவிழ்ந்து கிடந்தது, உடுத்திருந்த சாரம் கண்டல் மரத்தில மாட்டிக் கிடந்தது, ஆளைக் காணல்ல. பிணமும் இல்லாம முப்பத்தோராம் நாள் அமுது குடுத்தம். அண்டைக்கு நீ தாலியக் கழட்டி என்ட கையில தந்து குழறின குழறலில நான் என்ட அழுகைய மறந்து உன்னப் பிடிச்சுக்கொண்டு நிண்டன். அம்மாவக் கடல் கொண்டு போச்சு, தம்பிய வாவி கொண்டு போச்சு, எனக்கு மிஞ்சினது இவள்தான் எண்டு நினைச்சன் ஆர்த்தி. சத்தியமா நினைச்சன். உன்ன என்ட தங்கச்சி போலத்தான் வச்சிருந்தன். வயிறு தெரிஞ்ச பிறகு உன்ட முகத்தப் பார்க்க எனக்கு வயிறு எரிஞ்சுது.

— எனக்குத் தெரியும்.

— தெரிஞ்சும் வாய் திறக்கிறாய் இல்ல. பொல்லாத நெஞ்சு உனக்கு.

— மச்சாள், ஒண்டு கேக்கிறன், கோவிக்கப்படாது. ஆறு மாசம் நீங்க இந்தப் படலையத் திறக்கல்ல. இப்ப ஒரு கிழமைக்குள்ள மூணு தரம். நீங்களா வாறீங்களா, உதயண்ணன் கூட்டிக்கொண்டு வாறாரா?

— அவர்தான் ஏத்திக்கொண்டு வாறார். அவருக்கும் மானம் இருக்குத்தானே. போய்ப் பிள்ளைட முகத்தப் பாரு, ஆரப் போல எண்டு வந்து சொல்லு எண்டார்.

— டஸ்டினப் போலவோ எண்டு பார்க்கவா?

— ஆரப் போல எண்டாலும். தம்பிட சாடை இருந்தாலும் சொல்லு எண்டார்.

— செத்தவர்ட சாடையா? செத்து ரெண்டு வருஷமான ஆள்ர சாடை ஆறு மாசப் பிள்ளையில இருக்கா எண்டு ஏன் மச்சாள் பார்க்கச் சொன்னார்?

— அது... வாய்ல வந்ததச் சொல்லியிருப்பார். ஆமிக் காம்பிலயும் கேட்டாங்களாம், அந்தப் பிள்ளை ஆர்ட எண்டு. அவர் இப்ப அவங்களோட போய் வாறவர்தானே, சும்மா ஒரு கதைக்குக் கேட்டிருப்பாங்க.

— காம்பில இருக்கிறவங்களுக்கு என்ட பிள்ளைட கதை என்னத்துக்கு?

— எனக்கென்ன தெரியும்? நீ ஏன் இப்பிடி என்ன முழுசிப் பார்க்கிறாய்? சண்டை முடிஞ்சு போச்செண்டு போன கிழமை ரேடியோவில சொல்லிப் போட்டாங்க. இனி ஆருக்கு என்ன பயம்?

— சண்டை முடிஞ்சா ஆக்களத் தேடுறதும் முடிஞ்சிருமா?

— ஆரத் தேடுறாங்க? நீ என்னகா சொல்றாய்?

— ஒண்டுமில்ல. எழும்பிற்றான் பாருங்க, உங்கட சத்தத்துக்கு. ஓ மனே, ஓ ராசா, ஒண்டுமில்ல, ஒண்டுமில்ல...

— இது பசி அழுகை இல்லையே. நானும் மூண்டு பெத்தவள். ஏன் தலையத் துவாயில போட்டு இப்பிடி உரஞ்சுறான்? ஆர்த்தி, அந்தக் கையுறையில என்ன செவப்பா?

— ஒண்டுமில்ல.

— இரத்தம்!

— சொறிஞ்சிருப்பான்.

— கையுறைக்குள்ளால இரத்தம் வாற அளவுக்குச் சொறியிறானா? என்ன வருத்தம் இது? அம்மையா? என்ட பிள்ளையளுக்கும் ஒட்டுமா?

— ஒட்டாது மச்சாள், பயப்படாதீங்க. கரப்பன்.

— கரப்பனா? நண்டு திண்டியா?

— இல்ல.

— இறால்?

— இல்ல மச்சாள். பிள்ளை பிறந்த நாளில இருந்து நண்டு, இறால், கணவாய், கத்தரிக்காய், தக்காளி, அன்னாசி, தோலுக்குக் கிரந்தி எண்டு ஆர் ஆர் எதச் சொன்னாங்களோ அத்தனையும் விட்டன். வெறுஞ்சோறும் முருங்கை இலைச் சொதியும்தான். என்ட சட்டை எனக்கே தொளதொளத்துப் போச்சு, அவனுக்கு ஒரு புள்ளியும் மாறல்ல. பிள்ளை நிறுக்க வாற பிறிசில்லா மிஸ்ஸி நல்லாப் பேசினா. நீ பட்டினி கிடந்தா உன்ட பால்தான் குறையும், அவன்ட கரப்பன் குறையாது, கறியோட சோத்தத் தின்னு எண்டா.

— மஞ்சளும் வேப்பிலையும் அரைச்சுப் பூசினியா?

— பூசினன். எரிச்சல் தாங்காம ரெண்டு நாள் கத்தினான். உப்புத் தண்ணியும் வார்த்தன், தேசிக்காயும் தேச்சன். கிருமிதான் எண்டு நினைச்சன். சுனாமிக் காம்பில அப்பிடித்தானே சொல்லித் தந்தவங்க, எல்லாத்தையும் கிருமி மருந்து போட்டுக் கழுவு, சோப்புப் போட்டுக் கழுவு எண்டு. ஒரு நாளைக்கு மூணு தரம் அந்தக் கிருமி மருந்துத் தண்ணியில குளிப்பாட்டினன் மச்சாள். கழுவக் கழுவ வெடிச்சுது. மிஸ்ஸி வந்து கண்டிட்டு என்ன அடிக்காத குறை.

— விசரி! பச்சைப் பிள்ளைட தோல் என்னத்துக்கு ஆகும்? அவ என்ன செய்யச் சொன்னா?

— இவன்ட தோல் ஈரத்தப் பிடிச்சு வைக்கத் தெரியாத தோலாம். இளஞ்சூட்டுத் தண்ணியில அஞ்சு நிமிஷம் வார்த்தாக் காணுமாம். வாசச் சவர்க்காரமும் பவுடரும் ஒண்ணா. துடைக்கேக்க தேய்க்கப்படாது, ஒத்தி எடுக்கவேணும். ஈரம் காய முன்னம் இந்த வெள்ளைக் களிம்ப மெத்தப் பூசவேணும், நாளைக்கு நாலு தரமெண்டாலும் பூசு எண்டா. நல்லாச் சிவந்த இடத்துக்கு மட்டும் அவ தந்த மற்ற மருந்து, மெல்லிசா, அவ சொன்ன நாளைக்கு மட்டும். நகத்த ஒட்ட வெட்டவேணும்.

— செய்தியா?

— செய்தன். நல்லா வாடி வந்தது. கன்னம் ரெண்டும் பட்டுப் போல வந்தது. இந்தக் கிழமைதான் திரும்ப...

— இது என்னத்தால வருதாம்?

— வம்சத்தில...

— என்ன?

— வெக்கையில. வெக்கையில வருதாம்.

— வேற என்னமோ சொல்ல வந்தாய்.

— இல்ல மச்சாள். வெக்கை, வியர்வை, புழுதி. வியர்த்தாக் கூடுமாம்.

— வியர்த்தாக் கூடும்.

— ஓம்.

— அத மிஸ்ஸி உனக்கு விளங்கச் சொன்னா.

— ஓம்.

— மறுகா ஏன்டி இந்தப் பிள்ளைய இப்பிடி மூடி வச்சு அவிக்கிறாய்? சொல்லன். மூடச் சொன்னாவா மிஸ்ஸி?

— இல்ல. மெல்லிசுப் பருத்திச் சட்டை ஒண்டு காணும், காத்துப் பட விடு எண்டா. நான் அப்பிடித்தான் விடுறன். உங்கட மோட்டச்சைக்கிள் சத்தம் கேட்டா மட்டும்தான்...

— கேட்டா?

— ஓடிப் போய் எல்லாத்தையும் போட்டுருவன்.

— எனக்காகவா? எனக்கு ஒளிக்கவா இந்தப் பச்சைப் பிள்ளைட தோலை உரிக்கிறாய்? நீயெல்லாம் ஒரு தாயா? அப்பிடி என்ன இருக்கு இதுக்குள்ள? கொம்பு முளைச்சிருக்கா? எவன்ட முகம் இருக்கு இதுக்குள்ள, என்ட கண்ணில படப்படாத முகம்?

— யசோ! பிள்ளை பார்க்கப் போனியா, பிள்ளை பெறப் போனியா? வெயில்ல நிண்டு கருகிறன். முகத்தக் கண்டியா? ஆரப் போல இருக்கு?

— இருங்கப்பா, கத்தாதீங்க! பிள்ளை அழுறான்! பார்த்தியா, அவரும் துடிக்கிறார். கழட்டு ஆர்த்தி.

— மச்சாள், உங்கட காலப் பிடிக்கிறன். இண்டைக்கு ஒண்ணா.

— கழட்டு. பிள்ளைக்கு மூச்சு இழுக்குது பாரு, அழுது அழுது. தொட்டுப் பார்த்தியா, நெருப்பாக் கொதிக்குது. நீ கழட்டாட்டி நான் கிழிப்பன். ஆர்ட பிள்ளையெண்டாலும் பிள்ளைதானே, என்னால இதப் பார்த்துக்கொண்டு இருக்க ஏலாது!

— மிஸ்ஸியும் சொல்லிப் போட்டா. இதுக்கு மேல புண்ணில சலம் வச்சா மட்டக்களப்புக்குக் கொண்டு போய் வார்ட்டில போடவேணுமெண்டு. அங்க போனாலும் தகப்பன்ட பேர் கேப்பாங்க. எனக்கும் இனி ஏலா மச்சாள். நான் களைச்சுப் போனன். இந்தாங்க, பிடிங்க. நீங்களே கழட்டுங்க. ஆனா என்னத்தக் கண்டாலும் சத்தம் போடப்படாது. உங்கட மூண்டு பிள்ளையளையும் நினைச்சுக்கொண்டு கழட்டுங்க.

— என்ன பெரிய... வாடா மனே, வா, வா. மாமி கழட்டி விடுறன், வா. அடக் கடவுளே, சட்டை முழுக்க நனைஞ்சு ஒட்டிக் கிடக்கு. இது எங்க வெள்ளை? நல்ல மாநிறம். தலைமயிர் கன்னங்கரேல் எண்டு கிடக்கு. நாசமாப் போவாளுகள், டஸ்டினாம் டஸ்டின். முழங்கால் மடிப்பெல்லாம் வெடிச்சு... ஐயோ, காதுக்குப் பின்னால கோடு விழுந்து... இந்தக் கையுறைய மெல்ல... மணிக்கட்ட... மணிக்கட்டச் சுத்தி...

— மச்சாள்.

— வளையம் போட்ட மாதிரி.

— கரப்பன் ஆருக்கும் வரும் மச்சாள். ஊரில எத்தனை பிள்ளையளுக்கு இருக்கு.

— என்ட வளையல மேல ஏத்து.

— வேணாம் மச்சாள்.

— ஏத்துடி! ஏன் நான் எந்த நேரமும் கை நிறைய வளையல் போட்டிருக்கிறன் எண்டு உனக்குத் தெரியாதா? பாரு. பிள்ளைட கையைப் பக்கத்தில வை. பாரு. அம்மாவுக்கும் இதே இடம்தான். தம்பிக்கு மூணாம் மாசம் தொடங்கினது, ஏழு வயது வரைக்கும் இருந்தது. சொறியாம இருக்கிறதுக்காக அவன்ட ரெண்டு கையையும் என்ட ரெண்டு கையால பிடிச்சுக்கொண்டுதான் நான் படுப்பன்.

— எத்தனையோ பேருக்கு மணிக்கட்டில...

— இந்தக் காது? இந்த ஒட்டின காதுச் சோணையும் எத்தனையோ பேருக்கு இருக்கா? இது என்ட அம்மாட காதுடி. அம்மாட படம் ஒண்டு கூட மிஞ்சல்ல, எல்லாம் கடலோட போச்சு. அந்தக் காத இனிக் காணவே மாட்டன் எண்டு இருந்தன். இதுக்குத்தானே குல்லா? ஆர்த்தி... அப்ப... தம்பி செத்த பிறகுதானே இந்தப் பிள்ளை... அப்ப அவன்...

— மெதுவா! படலைக்குக் கேக்கும்.

— உயிரோட...

— உங்கட பிள்ளையள நினைச்சுக்கொண்டு கதைங்க எண்டு சொன்னனே.

— எப்ப வந்தான்?

— போன வருஷம் மாசியில. நாலு நாள்.

— அப்ப தோணி? சாரம்?

— அவரேதான் தோணியக் கவிழ்த்து விட்டவர். சாரத்தையும் கழட்டிக் கண்டல்ல மாட்டி விட்டவர். அதுக்கு முந்தின நாள் ஆக்களப் பிடிச்சுக்கொண்டு போற வெள்ளை வான் அவரக் கேட்டு வந்தது. செத்துப் போனவனை ஆரும் தேட மாட்டாங்க எண்டார்.

— நான் அமுது குடுத்தனே! அவனுக்கு எண்டு பாத்துப் பாத்துச் சமைச்சனே! ரெண்டு வருஷமா ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் விளக்கு வச்சு ஒப்பாரி வைக்கிறன். நீ பக்கத்தில நிண்டு பார்த்துக்கொண்டு இருந்தியே பாவி. ஊர் உன்னக் காறித் துப்பேக்கயும், நான் துப்பேக்கயும், ஒரு சொல்லு... கூடப்பிறந்தவள் எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கப்படாதா?

— உங்களுக்குச் சொன்னா உதயண்ணனுக்குச் சொன்ன மாதிரித்தானே மச்சாள்.

— அவர் அப்பிடிப்பட்ட ஆள் இல்ல.

— அப்ப கூப்பிடுங்க. அவர் அப்பிடி ஆள் இல்லையெண்டா இப்ப உள்ள கூப்பிடுங்க. பிள்ளைட கையையும் காதையும் காட்டுங்க. காம்பில போய்ச் சொல்ல மாட்டார் எண்டு நீங்க சொல்லுங்க, நான் நம்புறன்.

— பத்து வருஷமா இந்தக் கையில எண்ணெய் பூசி விடுறவர் அவர்தான். ஒரு பார்வை காணும் அவருக்கு.

— சொல்லுவாரா, சொல்ல மாட்டாரா?

— எங்கட வீட்டுக்குப் போன மாசம் கலர் டீவி வந்தது. புது மோட்டச்சைக்கிள் வந்தது. எங்கால எண்டு நான் கேக்கல்ல. கேட்டா என்ன சொல்லுவாரோ எண்ட பயத்தில கேக்கல்ல. ஐயோ ஆர்த்தி, அவர் என்னப் பிள்ளைட முகத்தப் பார்க்கத்தான் அனுப்பினவர்! தம்பிட சாடை இருந்தாச் சொல்லு எண்டு ரெண்டு தரம் சொன்னவர். நான் மண்டு மாதிரி, மானத்துக்கு எண்டு நினைச்சு...

— யசோ! காணும் காணும், நான் உள்ள வாறன்!

— மச்சாள், படலை திறக்குது.

— எங்க இருக்கான் எண்டு எனக்குச் சொல்லாத. தெரிஞ்சா என்ட வாய் நிக்காது. சாப்பிடுறானா? அத மட்டும் சொல்லு.

— சாப்பிடுறார்.

— சரி. பிள்ளையக் கொண்டு அறைக்குள்ள போய்க் கதவச் சாத்து. குல்லாவும் ஒண்ணா, கையுறையும் ஒண்ணா, அடுப்பில போடு எல்லாத்தையும். மிஸ்ஸி சொன்னபடி இனி நல்லாக் காத்துப் படட்டும். இண்டையோட எங்கட மோட்டச்சைக்கிள் இந்தப் பக்கம் வராது.

— நீங்க?

— நானும் வர மாட்டன். இந்தா, ஒருக்கா முகத்தத் தா... என்ட ராசா. மாமிய மறந்திரு. போ, போய்க் குழறி அழு, வெளியில கேக்கிற மாதிரி.

— என்ன சொல்லப் போறீங்க மச்சாள்?

— கேட்டா உனக்கு நோகும். எவ்வளவு நொந்தாலும் வெளியில வராத. போகா!

— என்ன யசோ இது, உள்ள ஒரே கத்தல்? தள்ளு, நானே பார்க்கிறன் பிள்ளைய.

— நில்லுங்க அங்கயே! இந்த வீட்டு வாசல நீங்க மிதிக்கப்படாது! ஊர் சொன்னது சரிதான், வெள்ளையும் செம்பட்டையுமா எவன்ட பிள்ளையையோ பெத்து வச்சிருக்காள் வேசை. என்ட தம்பி செத்துப் போனான், அவனுக்கு வாரிசு இல்ல. வாங்க போவம்!